பெருவிரலும் ஒரு கடதாசியும்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன்னதாக, ஒரு தாயும் மகனும் என் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தனர். மகனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். வலக்கை மணிக்கட்டு வரை வெள்ளைத் துணியாற் கட்டப்பட்டிருந்தது. சீமெந்துக்கல் அச்சடிக்கும் இயந்திரத்தில் நடுவிரலும் மோதிரவிரலும் நசிந்துபோயின என்றும், வைத்தியர்கள் அவற்றை எடுத்துவிட்டனர் என்றும் தாய் சொன்னாள். பின்னர் சேலைத் தலைப்பில் மடித்து வைத்திருந்த கடதாசியொன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“முதலாளி நல்லவர், ஐயா. ஆசுப்பத்திரிச் செலவெல்லாம் அவர்தான் பார்த்தவர். கையிலை கொஞ்சக் காசும் தந்தவர். இதிலை ஒரு கையெழுத்து வைச்சுத் தரட்டாம். வைக்கலாமோ?”

நீண்டகாலம் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டம் கற்றுப் பட்டம் பெற்றவன் அல்லேன். கற்றவர்களுக்குப் பக்கத்தில் இருந்து காதால் கேட்டுப் படித்தவன். எனினும் அயலிலுள்ளோர் இத்தகைய கடதாசிகளுடன் முதலில் என்னிடம் வருவதே வழக்கம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். நான்கே வரிகள். விபத்துத் தன் கவனக்குறைவால் நேர்ந்தது; தனக்குச் சேரவேண்டியது யாவும் சேர்ந்துவிட்டது; இனி எவ்வித உரிமையும் கோருவதில்லை.

இந்த நான்கு வரிகளை என் வாழ்நாளில் நான் முன்னரும் ஒருமுறை வாசித்திருக்கிறேன். அதனைச் சொல்லாமல் இப்பையனுக்கு நான் கூறிய மறுமொழியை விளக்க முடியாது.

என் தகப்பனார் ஒரு மரக்காலையில் வாள் இயந்திரத்தடியில் வேலை செய்தவர். 1963ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயதாயிருந்தபோது, ஒரு பாலைமரக் குற்றி புரண்டு அவருடைய இடக்கைப் பெருவிரலை வாள் கொண்டுபோயிற்று. இருபது நாட்கள் கழித்து மரக்காலைச் சொந்தக்காரர் தோடம்பழமும் பிசுக்கோத்தும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். 300 ரூபாவை என் தாயார் கையிற் கொடுத்தார். கூட வந்த கணக்கப்பிள்ளை ஒரு கடதாசியையும் மைத்தட்டையும் திண்ணையில் வைத்தார். தகப்பனாருக்கு எழுத்து வராது. கைநாட்டு வைப்பதாயின் இடது பெருவிரலை வைப்பதே வழக்கம். அந்த விரல்தான் இல்லையே! கணக்கப்பிள்ளை சிறிது தயங்கிவிட்டு, “வலதை வையும்” என்றார். தகப்பனார் வைத்தார். வந்தவர்கள் தேநீர் அருந்திவிட்டுச் சென்றனர். அன்றிரவு எங்கள் வீட்டில் முதலாளியின் தயாள குணத்தைப் பற்றியே பேச்சு.

அந்தப் பிரதியை எங்கள் தகரப் பெட்டியிலிருந்து நான் எடுத்து வாசித்தது, அலுவலகத்திற் சேர்ந்து சட்டப் புத்தகங்களைத் தூசி தட்டத் தொடங்கிய பின்னரே. அதற்குள் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இனி, அந்தத் தாயும் மகனும் கேட்ட கேள்விகளுக்கு வருவோம். அவை அவர்களுடைய கேள்விகள் மட்டுமல்ல. என் விறாந்தைக்கு வருவோர் எல்லோருமே ஏறக்குறைய அவற்றையே அதே ஒழுங்கிற் கேட்கின்றனர்.

“பிழை என்னிலைதானே, ஐயா? நான்தான் அவசரப்பட்டுக் கையை விட்டனான்” என்றான் பையன். இதுவே முதற் கேள்வி. இதற்கு விடை காண உலகம் நீண்டகாலம் எடுத்துக்கொண்டது.

1835இல் இங்கிலாந்தில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாள், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய வண்டி முறிந்ததால் தொடை எலும்பு முறியப் பெற்றான். யூரிமார் அவனுக்கு 100 பவுண் தீர்த்தனர். ஆயின் 1837இல் மேல்மன்றம் அதனைத் தள்ளிவிட்டது. தீர்ப்பளித்த அபிங்கர் பிரபு சொன்ன காரணம் இன்று வாசிப்போர்க்கு நகைப்பைத் தரும். எசமானை இதற்குப் பொறுப்பாக்கினால், படுக்கையை விரிக்கும் பணிப்பெண் ஈரமான படுக்கையை விரித்ததற்கும், சமையற்காரி செப்புப் பாத்திரத்தைச் சரியாகத் துலக்காததற்கும் எசமானே மற்றப் பணியாளர்க்கு ஈடு செலுத்த நேரும் என்றார் அவர். ஆபத்தான வேலையென்றால் வேலையாள் மறுத்திருக்கலாமே என்பது அவர் வாதத்தின் உள்ளீடு. பசித்த வயிறு மறுக்குமா என்பதை அம்மன்று ஆராயவில்லை. உடன் வேலை செய்வோனின் தவற்றுக்கு எசமான் பொறுப்பல்லன் என்னும் கோட்பாடு இவ்வழக்கின் வழியே வளர்ந்து, 1948இலேதான் அந்நாட்டில் முற்றாக ஒழிக்கப்பட்டது.

இதற்கிடையில் வேறொரு கருத்துத் தோன்றியிருந்தது. இயந்திரத் தொழிலில் விபத்து என்பது தவிர்க்கவொண்ணாத செலவு. விறகுச் செலவும் எண்ணெய்ச் செலவும் தொழிலின் கணக்கில் ஏறுவது போல, வேலையாளின் காயமும் அத்தொழிலின் கணக்கிலேயே ஏறவேண்டும். யார் பிழை என்ற விசாரணை வேண்டியதில்லை. செருமனியில் பிசுமார்க்கின் ஆட்சியில் 1884இல் விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1897இல், யோசேப் சேம்பர்லேனின் முயற்சியால், ஆபத்து மிக்க சில தொழில்களுக்கு நட்டஈட்டுச் சட்டம் வந்தது. 1906இல் அது விரிவாக்கப்பட்டது. இந்தியாவில் 1923இலும், அதன் சாயலிற் பெரும்பாலும் அமைந்த 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாக நம் நாட்டில் 1934இலும் அக்கருத்து வந்து சேர்ந்தது.

ஆகவே நான் பையனுக்குச் சொன்னேன்: “தம்பி, உன் கவனக்குறைவு உன் உரிமையை அழிக்காது. வேலையால் எழுந்து வேலையின்போது நேர்ந்த விபத்தா என்பதுதான் கேள்வி.” மரணம் நேராத இடத்து, மதுபோதையால் நேர்ந்த காயத்துக்கும், பாதுகாப்புக்கென்று இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியதாலும் பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியதாலும் நேர்ந்த காயத்துக்கும் சட்டம் ஈடு தராது. அவசரப்பட்டது வேறு, வேண்டுமென்று மீறியது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமலே பலர், “என் பிழை” என்று தாமே தீர்ப்பெழுதிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகின்றனர். இயந்திரத்தின் அபாயமான பகுதிகளுக்கு வேலியிட வேண்டிய கடமையை 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்காரர் மேலேயே சுமத்தியிருக்கிறது என்பதையும் அன்னார் நினைப்பதில்லை.

“இரண்டு விரலுக்கு எவ்வளவு வரும்?” இது தாயின் கேள்வி. கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளையின் விரலுக்கு விலை கேட்டோமே என்ற கூச்சம் போலும்.

கூச வேண்டியதில்லை என்றேன். மனிதன் இக்கணக்கைப் போடத் தொடங்கி ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. கென்ட் நாட்டரசன் எதெல்பேட்டின் சட்டத்தொகுப்பு, பிறர் விரலைத் துணித்தவன் கொடுக்கவேண்டிய ஈட்டை விரல் விரலாக வகுத்துள்ளது. பெருவிரலுக்கு 20 சில்லிங்கு; பெருவிரல் நகத்துக்கு மட்டும் 3. இந்தியச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டபோது அதன் அட்டவணை, பெருவிரல் இழப்பு உழைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 25 இழப்பு என்றும், சுட்டுவிரல் 10 என்றும், ஏனைய விரல் ஒவ்வொன்றும் 5 என்றும் கணித்தது. முழங்கைக்கு மேல் வலக்கை போனால் 70. இடக்கை போனால் 60. பின்வந்த திருத்தத்தால் அங்கே பெருவிரல் 30 ஆகவும், சுட்டுவிரல் 14 ஆகவும், நடுவிரல் 12 ஆகவும், மோதிரவிரலும் சிறுவிரலும் 7 ஆகவும் உயர்ந்தன. நம் நாட்டுச் சட்டமும் தனக்கென ஓர் அட்டவணையைக் கொண்டு, இழப்பின் நூற்றுவீதத்தையும் வேலையாளின் சம்பளத்தையும் சேர்த்தே ஈட்டைக் கணிக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஈட்டின் உச்ச வரம்பை 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்திற்று.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். சட்டம் விலை கூறுவது விரலுக்கன்று; விரல் போனதால் குறைந்த உழைப்பு ஆற்றலுக்கே. நோவுக்கும், தூங்காத இரவுக்கும், மணமேடையில் மோதிரம் ஏறாத கைக்கும் அந்த அட்டவணையில் நிரல் இல்லை. ஏகலைவன் துரோணருக்கு வலது பெருவிரலை அறுத்து வைத்தபோது இழந்தது எதனை? தசையையும் எலும்பையும் அன்று, வில்லாண்மையை. நம் முன்னோர் அதனை அறிந்தே அக்கதையைச் சொல்லினர். தொழிலாளியின் விரலும் அத்தகையதே. ஒரே விரல் இழப்பு, சுமை தூக்குவோனுக்கு ஒன்று, தையற்காரனுக்கு வேறொன்று. அட்டவணை இருவரையும் ஒரே வரியில் எழுதுகிறது. அது அதன் குறை. ஆயினும் யாரையும் கெஞ்ச வேண்டாத ஒரு வரி அது. அதுவே அதன் பெருமை.

நிரந்தர இழப்புக்கு முன்னர், வேலைக்குப் போக முடியாதிருக்கும் காலத்துக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை கொடுக்கவேண்டிய கொடுப்பனவு ஒன்று உண்டு என்பதும் பலர் அறியாதது. அது சம்பள முற்பணம் அன்று, கடனும் அன்று.

“வேலைக்குப் போற வழியிலை விழுந்தால்?” என்று பையன் இடையிற் கேட்டான். அவனுடன் வேலை செய்யும் ஒருவன் சைக்கிளில் வரும்போது லொறி தட்டிக் கால் முறிந்து கிடக்கிறானாம். முன்னைநாளில் இக்கேள்வி பெருந் தொல்லை தந்தது. வாசற்படிக்கு வெளியே நடந்தது வேலையின் பாற்பட்டதன்று என்று வாதிப்பர். 2022ஆம் ஆண்டுத் திருத்தம், வேலைக்குச் செல்லும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்தையும் சட்டத்தின் நிழலுக்குள் கொண்டுவந்தது. இதை அவனிடம் போய்ச் சொல் என்றேன்.

லொறிக்காரன்மேல் வழக்கு வைப்பது வேறொரு பாதை. நம் நாட்டில் அது உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தின் வழிவந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் மற்றவனுடைய தவற்றை எண்பிக்க வேண்டும். எண்பித்தால் நோவுக்கும் வேதனைக்கும்கூட ஈடு கேட்கலாம். பாதிக்கப்பட்டவனிடமும் ஓரளவு பிழை இருந்தால் முற்காலத்திற் போல வழக்கு முழுவதும் விழுந்துவிடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிழையின் பங்குக்கு ஏற்ப ஈடு குறையும். ஆனால் இவ்வழக்கை விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவரைக் கட்டளைச் சட்டம் வகுத்த எல்லை அது. தன் வேலைகொள்வோரிடம் ஈடு பெற விரும்புகிறவன் இவ்விரு பாதைகளில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே காயத்துக்கு ஆணையாளரிடமும் நீதிமன்றத்திலும் அவர்மேல் ஒருங்கே நிற்க முடியாது. எனவே பாதையைத் தெரிவதற்கு முன்னர் ஒரு சட்டத்தரணியைக் கலந்துகொள்வது நன்று.

இனிக் கடதாசிக்கு வருவோம். அந்த நான்கு வரியில் ஒப்பமிட்டால் உரிமை போய்விடுமா? வேலையாள் தன் நட்டஈட்டு உரிமையைத் துறக்கும் உடன்படிக்கையைச் சட்டம் மதிப்பதில்லை. இரு திறத்தாரும் மெய்யாகவே உடன்பட்டனராயின் அவ்வுடன்பாடு ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது என்றோ, ஏமாற்றிப் பெறப்பட்டது என்றோ கண்டால் அவர் பதிய மறுக்கலாம். வேலையாள் இறந்துபோன இடத்தில், குடும்பத்தவர் கையில் நேரே கொடுத்த பணம் ஈடு கொடுத்ததாகாது. அதனை ஆணையாளரிடமே வைப்பிட வேண்டும். கைம்பெண்ணையும் பிள்ளைகளையும் சுற்றத்தார் ஏய்த்துவிடாதிருக்க ஏற்படுத்தப்பட்ட காப்பு இது.

அப்படியானால் ஒப்பமிடுவதால் என்ன கேடு என்பீர்கள். கேடு சட்டத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது. ஒப்பமிட்டவன் தன் கதவைத் தானே சாத்திவிட்டதாக எண்ணி வாளாவிருந்துவிடுவான். காலம் ஓடிவிடும். என் தகப்பனாரின் உரிமையை அழித்தது அவர் வைத்த கைநாட்டன்று. அதன்பின் வந்த மௌனமே.

ஆதலின் காயமுற்றவர் செய்யவேண்டியவை சிலவற்றை ஒழுங்காகக் கூறுகிறேன். விபத்து நடந்ததை இயன்றவரை விரைவில் எழுத்தில் வேலைகொள்வோருக்கு அறிவிக்க வேண்டும். திகதி, நேரம், இடம், இயந்திரம், அருகில் நின்றோர் ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் விட்டுப் பற்றுச்சீட்டைக் காக்க வேண்டும். வைத்தியசாலைச் சீட்டுகளையும் சம்பளத் துண்டுகளையும் எறியாதீர்கள். சம்பளத் துண்டு இல்லாத இடங்களில், ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டிய விவரம் நீங்கள் அங்கே வேலை செய்தமைக்குச் சான்று கூறும். பிறகு அண்மையிலுள்ள தொழில் அலுவலகத்தில் விசாரித்து, நட்டஈட்டு ஆணையாளருக்கு உரிய காலத்துள் விண்ணப்பிக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் அவர் பொறுத்துக்கொள்ளலாம். எனினும் பிறர் பொறுமையை நம்பி இருப்பது அறிவுடைமையன்று.

நட்டஈட்டோடு கணக்கு முடிவதில்லை. காயத்தால் முற்றாகவும் நிரந்தரமாகவும் உழைக்க முடியாதவரானோர், வயது வருமுன்னரே தம் சேமலாப நிதியைப் பெறலாம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் நிரந்தர வலுவிழப்புக்கென ஓர் உதவி உண்டு. வருமானம் குறைந்த வலுவிழந்தோர்க்கான மாதக் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர் என்ற காரணத்தால் ஒருவருக்கு வேலையிலோ கல்வியிலோ பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. இவை வெவ்வேறு வாசல்கள். ஒன்றில் ஏறியவர் மற்றதில் ஏறலாகாதென்று தாமே நினைத்துக்கொள்ள வேண்டாம், கேட்டுப் பார்க்கட்டும்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது தாய் கேட்டாள்: “அவர் மனம் நோகாதோ, ஐயா? எங்களுக்கு எவ்வளவு செய்த மனுசன்!”

எனக்கு என் தகப்பனார் நினைவு வந்தது. தகரப் பெட்டியிலிருந்து எடுத்த கடதாசியை அவருக்கு வாசித்துக் காட்டி, சட்டம் இன்னதென்று விளக்கிய நாளில் அவர் முற்றத்து வேம்பின் கீழ் இருந்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அது அவர் தந்த தருமம் இல்லையோ, தம்பி?” என்றார்.

“இல்லை, ஐயா. உங்களுக்குச் சேரவேண்டியதிலை ஒரு துண்டு.”

“அப்ப நான் பதினைஞ்சு வருசமாய் அந்த மனுசனைக் கண்ட இடமெல்லாம் சால்வையை இறக்கிக் கும்பிட்டது ஏன்?”

இக்கேள்விக்கு நான் புரட்டிய எந்தச் சட்டப் புத்தகத்திலும் விடை இல்லை. இழந்த பணத்துக்காக அவர் வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. வருந்தியது அந்தச் சால்வைக்காகவே. மரக்காலைக்காரர் கொடியவரும் அல்லர். தாம் கொடுத்தது தருமம் என்றே அவரும் மனமார நம்பியிருக்கலாம். கடனைத் தருமம் என்று இருவருமே நம்பிவிட்டால், கொடுத்தவர் உயர்ந்தும் வாங்கியவர் தாழ்ந்தும் போவது தப்பாது.

ஆகவே அத்தாய்க்குச் சொன்னேன்: “பிள்ளை, அவர் செய்த உதவிக்கு நன்றி சொல்லுங்கோ, அது முறை. கடனைக் கடனாய்க் கேளுங்கோ, அதுவும் முறை. நல்ல மனுசனென்றால் இரண்டும் அவருக்கு விளங்கும்.”

அன்றிரவே மேசையில் இருந்து அறிவித்தற் கடிதத்தை எழுதினோம். பையனுக்கு வலக்கையால் பேனை பிடிக்க முடியவில்லை. கைநாட்டு வைக்கலாம் என்றேன். வேண்டாமென்று சொல்லி, இடக்கையாற் கோணல் மாணலாகத் தன் பெயரை முழுவதும் எழுதினான். மறுநாள் பதிவுத் தபாலில் விட்டார்கள். விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கப்படவில்லை. முதலாளி கொடுத்த அந்த நான்கு வரிக் கடதாசி ஒப்பமின்றி என் மேசையிலேயே கிடக்கிறது.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டுக்கும் இத்தகைய கடதாசி ஒன்று ஒருநாள் பழக்கூடையோடு வரலாம். வந்தவரை உபசரியுங்கள், பழத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கடதாசியை மட்டும், “வாசித்துவிட்டுத் தருகிறோம்” என்று சொல்லி வாங்கி வையுங்கள்.